பகலில் பிங் 36, ராத்திரி 8 மணிக்கு மேல் 180: 100 எம்பிபிஎஸ் இருந்தும் வாலரண்ட் ஏன் இழுக்குது?

தாமிர_டூயலிஸ்ட் (கேள்வி)

ஊர் திருநெல்வேலி. உள்ளூர் கேபிள்காரர் வழியா வர்ற ஃபைபர், டவுன்லோட் 100 எம்பிபிஎஸ், அப்லோட் 20. விளையாடுறது வாலரண்ட்ங்கிற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம், மும்பை சர்வர். பகல்ல பிங் (சர்வருக்குப் போய் பதில் வர்ற நேரம், மில்லி செகண்ட்ல) 34-லிருந்து 38-க்குள்ள அசையாம நிக்கும். ராத்திரி 8 மணி தாண்டினா 90, 120, சில ரவுண்டுல 180. 11 மணிக்கு மேல தானா இறங்கிடும். இழுக்குற நேரத்துலயும் ஸ்பீட் டெஸ்ட் போட்டா 95-க்குக் குறையுறதில்ல. போன் பண்ணிக் கேட்டா "ஸ்பீடுதான் வருதே சார்"னு வெச்சிடுறாங்க.

லேப்டாப் வைஃபையில இருக்கு. தனி ரூட்டர் கிடையாது, கேபிள்காரர் மாட்டிட்டுப் போன ஓஎன்டி பெட்டிதான் (ஃபைபர் வந்து சேர்ற மோடம்) எல்லாமே. அது ஹால்ல, லேப்டாப் உள் ரூம்ல, நடுவுல செங்கல் சுவர். வீட்டுல நாலு போன், ஒரு டிவி, வெளியிலிருந்து போன்ல பாக்குற மாதிரி நாலு சிசிடிவி கேமரா.

200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினா சரியாகுமா? இல்ல ஆளையே மாத்தணுமா? டிஎன்எஸ் மாத்து, கேமிங் விபிஎன் போடுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

---

ஆர்ஜே45

பிளானைத் தொடாதீங்க. இந்த மாதிரி கேமுக்கு 1 எம்பிபிஎஸ் கூட முழுசா தேவைப்படாது. ஸ்பீட் டெஸ்ட் காட்டுறது பத்துப் பதினஞ்சு செகண்டோட மொத்த வரவு. கேமுக்கு வேண்டியது ஒவ்வொரு பாக்கெட்டும் (டேட்டாவோட சின்னத் துண்டு) நேரத்துக்கு வந்துச்சாங்கிறது. வாலரண்ட் சர்வர் செகண்டுக்கு 128 தடவை கணக்குப் போடுது, அதாவது 7.8 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. ஒரு பாக்கெட் எங்கயோ 100 மில்லி செகண்ட் நின்னுட்டா 12 கணக்கு உங்களை விட்டுட்டுப் போயிடும். ஸ்பீட் டெஸ்ட்ல அது தெரியவே தெரியாது.

ராத்திரி 8 மணிக்கு இழுக்குதுன்னா எல்லாரும் கேபிள்காரரைத்தான் முதல்ல திட்டுவாங்க. ஆனா அந்த நேரத்துல மூணு விஷயம் சேர்ந்து நடக்குது. பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அப்பதான் முழுசா ஓடும். உங்க வீட்டுப் போன்களும் அப்பதான் வீடு திரும்பும். ஆபரேட்டரோட மேல் லைன்லயும் அப்பதான் நெரிசல். நேரத்தை மட்டும் வெச்சு ஆளைப் பிடிக்க முடியாது, அளந்துதான் பிடிக்கணும்.

முதல்ல வைஃபையை ஓரம் கட்டுங்க. ஓஎன்டியிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு நெட்வொர்க் கேபிள், தற்காலிகமா தரையில போட்டாலும் போதும். லேப்டாப்ல போர்ட் இல்லன்னா யூஎஸ்பி-ஈதர்நெட் அடாப்டர் போதும். அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) அடிங்க. டிஃபால்ட் கேட்வேன்னு ஒரு முகவரி வரும் (பெரும்பாலும் 192.168.1.1), அதுதான் உங்க ஓஎன்டி. அடுத்து, பாக்கெட் போற வழியில இருக்குற பெட்டிகளை வரிசையாக் காட்டுற ட்ரேசர்ட் (tracert) கட்டளையில 8.8.8.8 போடுங்க. வர்ற பட்டியல்ல ரெண்டாவது வரிதான் ஆபரேட்டரோட முதல் பெட்டி.

இப்ப மூணு ஜன்னல் திறந்து, மூணுலயும் பிங் கட்டளை, கடைசியில மைனஸ் டி (-t) சேர்த்து நிக்காம ஓட விடுங்க:

– முதல் ஜன்னல்: கேட்வே
– ரெண்டாவது: ட்ரேசர்ட்ல வந்த ரெண்டாவது வரி முகவரி
– மூணாவது: மும்பையில இருக்குற ஒரு சர்வர்

மூணாவதுக்கு 8.8.8.8 போடாதீங்க. அந்த ஒரே முகவரிக்குப் பல ஊர்ல பதில் சொல்ற ஆள் இருக்கு, உங்களுக்குச் சென்னையிலிருந்தே பதில் வரலாம். மும்பையில சர்வர் வாடகைக்கு விடுற கம்பெனிகள் சோதனைக்குன்னே லுக்கிங் கிளாஸ் பக்கம் வெச்சிருப்பாங்க, அதுல இருக்குற மும்பை முகவரியை எடுத்துக்கங்க. கேம் சர்வரையே பிங் பண்ணலாமேன்னு தோணும். நிறைய கேம் சர்வர் சாதா பிங்குக்குப் பதிலே சொல்லாது.

சாயங்காலம் 4 மணிக்கு ஒரு தடவை, ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை, தடவைக்குப் பத்து நிமிஷம். முடிக்கும்போது கன்ட்ரோல்-சி அடிச்சா குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி, லாஸ் (காணாமப் போன பாக்கெட்) எல்லாம் கீழ வரும். சராசரியைப் பாத்து ஏமாறாதீங்க, அதிகபட்சம்தான் கதை சொல்லும்.

முதல் ஜன்னலே தாவினா பிரச்சினை வீட்டுக்குள்ள. முதலாவது அமைதியா இருந்து ரெண்டாவது தாவினா உங்க ஃபைபர் லைன். ரெண்டும் அமைதியா இருந்து மூணாவது மட்டும் தாவினா ஆபரேட்டரோட மேல் வழி.

---

மின்னல்_மணி

இவ்வளவு எதுக்கு? பிங் குறைக்கிற ஆப் நாலஞ்சு இருக்கு, ஒண்ணு போடுங்க, முடிஞ்சது. டிஎன்எஸ் 1.1.1.1 வைங்க.

---

நாக்_நைட்ஷிஃப்ட்

மணி சொன்னதுல டிஎன்எஸ் முதல்ல. டிஎன்எஸ்ங்கிறது பேரைக் கொடுத்தா முகவரி சொல்றது. மேட்ச் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் கேம் நேரா முகவரியோடதான் பேசுது, டிஎன்எஸ் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காது. மாத்தினா வெப்சைட் திறக்குறது கொஞ்சம் சுறுசுறுப்பாகலாம், மேட்ச் பிங்ல ஒரு மில்லி செகண்ட் கூட மாறாது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில நேகிளை (சின்னப் பாக்கெட்டுகளைச் சேத்து அனுப்புற முறை) நிறுத்துற பழைய வித்தையும் இதே கதிதான். அது டிசிபிங்கிற அனுப்பும் முறைக்கு உள்ளது, இந்த கேம் ஓடுறது யூடிபிங்கிற வேற முறையில. விண்டோஸ் 20 சதவீத பேண்ட்வித்தை ஒளிச்சு வெச்சிருக்குன்னு ஒரு செட்டிங் சுத்திட்டே இருக்கும், அதையும் விட்டுடுங்க.

பிங் குறைக்கிற ஆப்னா அனேகமா விபிஎன்தான், அதாவது உங்க டிராஃபிக்கை வேற ஒரு சர்வர் வழியா அனுப்புறது. ஆபரேட்டர் சுத்து வழியில அனுப்பினா மட்டும் அது உதவும். உங்களுக்குப் பகல்ல 36 வருது, அப்ப வழி சரியாத்தான் இருக்கு.

அது சரியான வழின்னு எப்படித் தெரியும்? கண்ணாடி இழைக்குள்ள ஒளி செகண்டுக்குக் கிட்டத்தட்ட 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போயிட்டு வரணும், அதனால 100 கிலோமீட்டருக்கு 1 மில்லி செகண்ட்னு வெச்சுக்கங்க. நெல்லையிலிருந்து சென்னை, அங்கிருந்து மும்பைன்னு கேபிள் ரோடு ஓரமாப் போனா 1,950 கிலோமீட்டர் பக்கம் வரும். அதுக்கே 19, 20 மில்லி செகண்ட். வழியில இருக்குற பெட்டிகள், கேபிளோட வளைவு நெளிவு, ஃபைபர் லைன்ல உங்க முறை வர்ற காத்திருப்பு எல்லாம் சேர்ந்து 34. இதுக்குக் கீழ இறக்குறேன்னு சொல்ற எந்த ஆப்பும் ஒளியை முந்தப் பாக்குது.

சிங்கப்பூர் சர்வர் பத்தியும் ஒரு வார்த்தை, அடுத்து யாராவது அதைத்தான் கேப்பீங்க. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டுல 2,900 கிலோமீட்டர் சொச்சம், சென்னைக் கடற்கரையிலிருந்தே நேரா கடலடி கேபிள் போகுது. அந்த வழியில அனுப்புற ஆபரேட்டரா இருந்தா சென்னைக்காரருக்கு 35, 40-ல சிங்கப்பூர் கிடைக்கும், மும்பை பிங்குக்கும் அதுக்கும் ரொம்ப வித்தியாசமில்ல. அதே ஊர்ல இன்னொரு ஆபரேட்டர் டிராஃபிக்கை மும்பைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து இலங்கையைச் சுத்தி அனுப்பினா 70-ஐத் தொடும். வாலரண்ட்ல சர்வர் பட்டியல்லயே ஒவ்வொண்ணுக்கும் பிங் காட்டும், பாத்துட்டுத் தேர்ந்தெடுங்க. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுறவங்களுக்குச் சென்னையிலயே வால்வோட சர்வர் இருக்கு, தெற்கே இருக்குறவங்களுக்கு அது பெரிய வரம்.

---

யாழ்_ஸ்மோக்

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து விளையாடுறது. எங்களுக்கும் இதே கணக்குத்தானோ? மும்பையா சிங்கப்பூரா எடுக்கிறது?

---

நாக்_நைட்ஷிஃப்ட்

கணக்கு அதேதான், தொடங்குற இடம்தான் வேற. மன்னார் பக்கம் இந்தியா கண்ணுக்கெட்டுற தூரம்னாலும் உங்க டிராஃபிக் முதல்ல தெற்கே இறங்கும், கடலடி கேபிள் எல்லாம் கொழும்பு, மாத்தறைப் பக்கம்தான் கரையேறுது. அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேர்க்கோட்டுல 2,700 கிலோமீட்டர் சொச்சம், மும்பைக்கு 1,500 சொச்சம். வரைபடத்துல மும்பைதான் கிட்ட. ஆனா உங்க சேவை எந்தக் கேபிள்ல இடம் வாங்கியிருக்குன்னுதான் பாக்கணும், சிங்கப்பூர் போய் அங்கிருந்து மும்பைக்குத் திரும்பி வர்றதும் உண்டு. ட்ரேசர்ட் போட்டா ஒரு இடத்துல நேரம் சட்டுனு 30, 40 கூடும், அந்தத் தாவல்தான் கடல். மும்பை முகவரிக்கு 90-க்கு மேல வந்தா சுத்திப் போகுதுன்னு வெச்சுக்கங்க, சிங்கப்பூரை எடுங்க.

---

தாமிர_டூயலிஸ்ட்

அளந்தாச்சு. ரெண்டு நாள், நாலு மணியும் ஒன்பது மணியும்.

கம்பியில:
கேட்வே: பகல், ராத்திரி ரெண்டும் 1-க்கு உள்ள. லாஸ் இல்ல.
ரெண்டாவது வரி: பகல்ல 3. ராத்திரி குறைந்தபட்சம் 3, அதிகபட்சம் 192. ஏறி நாலஞ்சு நிமிஷம் மேலயே நிக்குது, அப்புறம் இறங்குது.
மும்பை: ரெண்டாவது வரி எப்படி ஆடுதோ அப்படியே, கூட 30.

வைஃபையில ராத்திரி 9 மணி: கேட்வேக்கே 2-லிருந்து 70 வரை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில இருந்திருக்கு, கவனிக்கல.

அப்ப ஆபரேட்டர்தானே? ரெண்டாவது வரி அவரோடதுதானே?

---

வரிசைக்கட்டு

அவசரப்படாதீங்க. ரெண்டாவது வரிக்குப் போற பாக்கெட் முதல்ல உங்க ஓஎன்டியோட வெளிவாசல்ல வரிசையில நிக்கணும். அந்த வரிசையில நின்ன நேரமும் ரெண்டாவது வரி கணக்குலதான் வரும். "ஏறி நாலஞ்சு நிமிஷம் மேலயே நிக்குது"ன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் துப்பு. ஆபரேட்டர் பக்கம் நெரிசல்னா பொதுவா மெதுவா ஏறி மணிக்கணக்குல நெளியும். படிக்கட்டு மாதிரி ஏறி, கொஞ்ச நேரம் நின்னு, சட்டுனு விழுந்தா அனேகமா வீட்டுக்குள்ள யாரோ அப்லோட் பண்றாங்க.

இதுக்குப் பேர் பஃபர்ப்ளோட். ஓஎன்டிக்குள்ள அப்லோடுக்கு ஒரு தற்காலிகக் கிடங்கு இருக்கும். அனுப்புற வேகத்தைவிட வேகமா டேட்டா வந்தா தூக்கிப் போடாம அதுல சேத்து வைக்கும். கிடங்கு அரை மெகாபைட்னு வெச்சுக்கங்க. அது 4 மெகாபிட். உங்க அப்லோட் 20. நாலை இருபதால வகுத்தா 0.2 செகண்ட், அதாவது 200 மில்லி செகண்ட். உங்க 192 எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுதா? கேமோட ஒரு குட்டி பாக்கெட், போட்டோ பேக்கப்போட அரை மெகாபைட்டுக்குப் பின்னாடி வரிசையில நிக்குது.

ராத்திரி 8 மணிக்கு யார் அப்லோட் பண்றாங்கன்னா, வீட்டுக்கு வந்து வைஃபையில சேர்ந்து சார்ஜர்ல மாட்டின போன்கள். அன்னிக்கு எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் கிளவுட் சேமிப்புக்கு ஏறும். வாட்ஸ்அப் பேக்கப் பின்னாடியே வரும். கேமராவை யாராவது வெளியிலிருந்து முழுத் தரத்துல பாத்தா ஒரு 2 மெகாபிக்சல் கேமராவுக்கு 2-லிருந்து 4 எம்பிபிஎஸ், நாலு கேமராவுக்கு 16 வரை போகும். 20-ல மீதி எவ்வளவு? விண்டோஸும் சும்மா இருக்காது. டெலிவரி ஆப்டிமைசேஷன்ல இன்டர்நெட்ல இருக்குற மத்த கம்ப்யூட்டருக்கும் அனுப்பச் சொல்ற ஆப்ஷன் ஆன்ல இருந்தா அப்டேட் ஃபைலை ஊருக்கே பரிமாறும், அதை ஆஃப் பண்ணிடுங்க.

உறுதிப்படுத்த ஒரு நிமிஷம் போதும். பகல்ல, வீடு அமைதியா இருக்கும்போது கம்பியில ரெண்டாவது வரி பிங்கை ஓட விட்டு, ஒரு போன்லிருந்து ஒரு பெரிய வீடியோவை கூகுள் டிரைவ்ல ஏத்துங்க. 3-ல இருந்து 150-க்கு மேல போச்சுன்னா ஆள் சிக்கியாச்சு. அதுக்கு மறுபக்கமா, ராத்திரி 9 மணிக்கு ஓஎன்டி வைஃபையை அணைச்சு, டிவிஆர் (சிசிடிவி பதிவுப் பெட்டி) கம்பியையும் உருவிட்டு லேப்டாப் மட்டும் வெச்சு அளங்க. அப்ப மிச்சமிருக்குறதுதான் ஆபரேட்டர் பங்கு.

---

தாமிர_டூயலிஸ்ட்

பகல்ல வீடியோ ஏத்தினேன்: 3-லிருந்து 188. நிறுத்தின உடனே 3.

ராத்திரி 9.15, எல்லாத்தையும் அணைச்சு: ரெண்டாவது வரி 3-லிருந்து 6. மும்பை 34-லிருந்து 38, நடுநடுவுல 48. 500 பாக்கெட்டுல 3 காணாம போச்சு.

சரி, ஒத்துக்கிறேன். இதை எப்படிச் சரி பண்றது? தினமும் எல்லார் போனையும் பிடுங்க முடியாதே.

---

வரிசைக்கட்டு

ரெண்டு வழி.

செலவில்லாத வழி: போன்கள்ல போட்டோ பேக்கப்பைக் கையால மட்டும் ஓடுற மாதிரி வைங்க, வாட்ஸ்அப் பேக்கப்பை நிறுத்திட்டு ஓய்வான நேரத்துல நீங்களே ஓட விடுங்க. டிவிஆர்ல வெளியிலிருந்து பாக்குறதுக்கு சப்ஸ்ட்ரீமை (தரம் குறைஞ்ச படம்) தேர்ந்தெடுங்க, கேமராவுக்கு 512 கேபிபிஎஸ் வெச்சா நாலுக்கும் சேர்த்து 2 எம்பிபிஎஸ்தான். பதிவாகுறது முழுத் தரத்துலதான் இருக்கும், பயப்பட வேண்டாம். இது பாதி வைத்தியம். விருந்தாளி ஒருத்தர் போனோட வந்தா போச்சு.

முழு வைத்தியம் வரிசையையே உங்க கைக்குக் கொண்டுவர்றது. ஓபன்டபிள்யூஆர்டிங்கிற இலவச ரூட்டர் மென்பொருள் ஓடுற ஒரு ரூட்டர் வேணும். அதுல எஸ்க்யூஎம்னு ஒரு பேக்கேஜ் போட்டு, வரிசை முறையா கேக் தேர்ந்தெடுங்க. இல்லன்னா எஃப்க்யூ-கோடல். ரெண்டும் செய்றது ஒண்ணுதான்: ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை, முறை வெச்சு ஒவ்வொண்ணா அனுப்பும், ரொம்ப நேரம் தேங்குற பாக்கெட்டைத் தூக்கிப் போட்டு அனுப்புறவனை மெதுவாக்கும். போட்டோ பேக்கப் ரெண்டு நிமிஷம் கூட எடுத்துக்கும், யாருக்கும் தெரியாது. கேம் பாக்கெட் வரிசையில நிக்காது.

இதுல எல்லாரும் தப்பு பண்ற இடங்களைச் சொல்லிடுறேன்.

வேகத்தை முழுசா போடக்கூடாது. வரிசை ஓஎன்டியில சேராம உங்க ரூட்டர்ல சேரணும்னா, உங்க ரூட்டர்தான் இருக்குறதுலயே குறுகலான இடமா இருக்கணும். அளந்த வேகத்துல 85-லிருந்து 90 சதவீதம் போடுங்க. உங்களுக்கு அப்லோட் 17,500, டவுன்லோட் 88,000, ரெண்டும் கிலோபிட்ல. பிளான்ல எழுதினதை வெச்சுக் கணக்குப் போடாதீங்க, ராத்திரி கம்பியில அளந்ததை வெச்சுப் போடுங்க. அப்புறம் அப்லோட் ஓட விட்டு பிங் பாத்து 500, 500-ஆ ஏத்துங்க. பிங் 10-க்கு மேல கூட ஆரம்பிச்சா ஒரு படி இறக்கி நிறுத்துங்க. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேல்சுமை கேக்குற இடத்துல 44 போட்டா ஃபைபருக்குப் போதும், கொஞ்சம் தாராளமான எண்தான்.

ரூட்டரோட சிப்பைப் பாத்து வாங்குங்க. இந்த வேலையை சிபியூதான் செய்யணும், ஹார்ட்வேர் ஆஃப்லோடை (சிபியூவைத் தொடாம பாக்கெட்டைக் கடத்துற வசதி) அணைச்சே ஆகணும், இல்லன்னா பாக்கெட் எஸ்க்யூஎம் பக்கம் வராமலே ஓடிடும். 580 மெகாஹெர்ட்ஸ் ஒற்றைக் கோர் வெச்ச மலிவு ரூட்டர் 100 எம்பிபிஎஸ்சுக்கே மூச்சு வாங்கும்.

ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (லைனை அப்படியே ரூட்டருக்குக் கடத்துற நிலை) மாத்தி, பிபிபிஓஇ (லைன்ல லாகின் ஆகுற முறை) யூசர்நேம் பாஸ்வேர்டை ரூட்டர்ல போட்டா சுத்தம். கேபிள்காரர் தரமாட்டேன்னா விடுங்க, ஓஎன்டிக்குப் பின்னாடி அப்படியே மாட்டுங்க. ரெண்டு நேட் (வீட்டு முகவரியை வெளி முகவரியா மாத்துற வேலை) ஆகும், அதால பிங் 1 மில்லி செகண்ட் கூட ஏறாது. ஆள்-ஆளுக்கு நேரா இணையுற சண்டை கேம்கள்லதான் அது தொந்தரவு. ஆனா எந்த வழியில போனாலும் ஓஎன்டியோட வைஃபையை அணைக்கணும், டிவிஆர் கம்பியையும் புது ரூட்டருக்கு மாத்தணும். ஒரே ஒரு போன் ஓஎன்டியில ஒட்டிக்கிட்டு இருந்தாலும் அது உங்க வரிசைக்கு வெளியிலிருந்து கிடங்கை நிரப்பும், அப்புறம் எஸ்க்யூஎம் வேலை செய்யலன்னு புலம்புவீங்க.

ரூட்டர்ல கேமிங் மோட்னு சிவப்பு விளக்கு எரியுற பெட்டிகள் இருக்கு. அதுல பாதி, போர்ட் நம்பரைப் பாத்து முன்னுரிமை தர்ற பழைய க்யூஓஎஸ். வேகத்துக்கு வரம்பு வைக்காத முன்னுரிமையால பிரயோஜனம் இல்ல, வரிசை இன்னும் ஓஎன்டியிலதானே இருக்கு.

---

ஆர்ஜே45

வைஃபையில கேட்வேக்கே 70 போகுதுன்னு சொன்னதை யாரும் தொடல. அது தனி நோய்.

2.4-ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணுதான், 1, 6, 11. தெருவுல இருபது வீட்டு வைஃபை அந்த மூணுக்குள்ள அடைஞ்சு கிடக்கு, மைக்ரோவேவ், புளூடூத் ஹெட்செட் எல்லாம் அதே அலைவரிசையில. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்க. சேனலை ஆட்டோவுல விடாம 36-லிருந்து 48-க்குள்ளயோ 149-லிருந்து 161-க்குள்ளயோ ஒண்ணைக் கையால போடுங்க. நடுவுல இருக்குற 52-லிருந்து 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல். ரேடார் மாதிரி எதையாவது ரூட்டர் கேட்டா மேட்ச் நடுவுல சேனலை விட்டு ஓடிடும். 5-க்குச் செங்கல் சுவர் பிடிக்காது, அதனால புது ரூட்டரை உங்க ரூம் வாசல் பக்கம் கொண்டுவாங்க.

அதைவிட நல்லது கம்பியை நிரந்தரமா இழுத்துடுறது. கேட்5இ போதும், 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தரும். கேட்8 வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். ஆனா செம்பு முழுசா இருக்கணும். கடையில மலிவா கிடைக்குறது நிறைய சிசிஏ, அலுமினியத்து மேல செம்புப் பூச்சு. வளைச்சா உள்ள உடையும், கிரிம்ப் (கனெக்டரை அழுத்திப் பிடிச்ச இடம்) ஒரு வருஷத்துல தளரும். கத்தியால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா திருப்பிக் கொடுங்க. ரெண்டு முனையும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மாட்டினதும் லிங்க் 1 ஜிபிபிஎஸ் காட்டாம 100 எம்பிபிஎஸ் காட்டினா, நீலம் அல்லது பழுப்பு ஜோடி தொடலன்னு சந்தேகப்படுங்க. 100-க்கு மத்த ரெண்டு ஜோடியே போதுங்கிறதால அது சத்தமில்லாம ஓடிட்டே இருக்கும்.

---

நாக்_நைட்ஷிஃப்ட்

மிச்சமிருக்குற 48-ம் 500-க்கு 3-ம் ஆபரேட்டர் பங்கு. 0.6 சதவீதம் லாஸ் பெருசு இல்ல, ஆனா இருக்கக்கூடாது.

முதல்ல ஓஎன்டியோட செட்டிங்ஸ் பக்கத்துல ஆப்டிகல் தகவல்னு ஒரு இடத்துல வர்ற ஒளியோட அளவு இருக்கும், ஆர்எக்ஸ் பவர். வழக்கமான வீட்டு ஜிபான் (ஃபைபர் லைன் வகை) பெட்டிக்கு மைனஸ் 27 டிபிஎம்தான் (ஒளி வலிமையோட அலகு) எல்லை. மைனஸ் 15-லிருந்து 24 வரை நிம்மதி. 26-ஐத் தாண்டினா மழை, வெயிலுக்குத் தகுந்த மாதிரி லாஸ் வரும். சுவர் மூலையில இழையை மடக்கி ஆணி அடிச்சிருக்காங்களா, பச்சை கனெக்டர் போக வேண்டிய இடத்துல நீலம் சொருகியிருக்காங்களான்னு பாருங்க. இழை முனையைக் கழட்டிக் கண்ணால உத்துப் பாக்காதீங்க, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணைக் கெடுக்கலாம்.

அது சரியா இருந்தா வின்எம்டிஆர் (ட்ரேசர்ட்டும் பிங்கும் சேர்ந்த மென்பொருள்) ஓட விட்டு ஆதாரம் எடுங்க, 500 பாக்கெட்டுக்குக் குறையாம. படிக்கிற விதம் முக்கியம். நாலாவது வரியில மட்டும் 40 சதவீதம் லாஸ், அஞ்சாவதிலிருந்து கடைசி வரை 0-ன்னு வந்தா அங்க ஒண்ணுமே இல்ல. அந்த ரூட்டர் பாக்கெட்டைக் கடத்துறதுல மும்முரமா இருக்கு, பிங்குக்குப் பதில் சொல்றதைக் குறைச்சுக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். நாலாவதுல 5 சதவீதம் ஆரம்பிச்சு கடைசி வரி வரைக்கும் அதே 5 தொடர்ந்தா மட்டும்தான் நிஜ லாஸ். திரும்பி வர்ற வழி வேறயா இருக்கலாம், அதனால "நாலாவது பெட்டிதான் குற்றவாளி"ன்னு எழுதாதீங்க, "நாலாவதுக்கு மேல தொடருது"ன்னு எழுதுங்க.

புகார்ல "கேம் இழுக்குது"ன்னு சொன்னா மேல போகாது. கம்பியில அளந்தது, வீட்டுல வேற சாதனம் எதுவும் இல்லாம அளந்தது, பகல் 4 மணி, ராத்திரி 9 மணி ரெண்டு வின்எம்டிஆர், ஆர்எக்ஸ் பவர், உங்க பப்ளிக் ஐபி, தேதி நேரம். இந்த ஆறும் ஒரே மெயில்ல போகணும். புகார் எண் வாங்குங்க. பதில் வரலன்னா அதே எண்ணோட ஆபரேட்டரோட மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம், அப்படி ஒருத்தரை வெச்சிருக்கணும்ங்கிறது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி.

---

மின்னல்_மணி

எனக்கு 30 பிங், எதிராளிக்கு 120. சுவருக்குப் பின்னாடி போனப்புறமும் நான்தானே சாகுறேன்? அப்ப பிங் குறைச்சு என்ன பயன்?

---

வரிசைக்கட்டு

சுடுறவன் அவன் திரையில எதைப் பாத்துச் சுட்டானோ, சர்வர் நேரத்தை அந்தக் கணத்துக்குப் பின்னோக்கி ஓட்டித்தான் குண்டு பட்டுச்சான்னு பாக்கும். லேக் காம்பென்சேஷன்னு சொல்றது இதைத்தான். அவன் திரையில நீங்க இன்னும் வெளியில நிக்கிறீங்க. நீங்க மறைஞ்ச சேதி அவனுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள சுட்டுட்டான், சுட்ட சேதி உங்களுக்கு வர்றதுக்குள்ள நீங்க சுவருக்குப் பின்னாடி. அந்த இடைவெளி உங்க பிங், அவன் பிங் ரெண்டையும் சேர்த்தது. உங்க பங்கைக் குறைச்சா மொத்தமும் குறையும், அவன் பங்கு உங்க கையில இல்ல. மூலையிலிருந்து எட்டிப் பாக்குறவனுக்குச் சாதகம் வர்றதும் இதே காரணத்தால. பிங் ஏறியிருக்குற நாள்ல ஆங்கிளைப் பிடிச்சுட்டு (ஒரே மூலையைக் குறி வெச்சு) நிக்காம நீங்களே எட்டிப் பாருங்க.

கேம் செட்டிங்ஸ்ல நெட்வொர்க் பஃபரிங்னு ஒண்ணு இருக்கு, மினிமம், மாடரேட், மேக்சிமம். லைன் சுத்தமா இருந்தா மினிமம். ஜிட்டர் (பிங் நிலையா இல்லாம ஏறி இறங்குறது) இருந்தா மாடரேட் ஆட்டத்தை மென்மையாக்கும், விலையா எதிராளிகளைக் கொஞ்சம் தாமதமாக் காட்டும். வீடியோ செட்டிங்ஸ்ல ஸ்டாட்ஸ் பகுதியில ஆர்டிடி (பிங்தான்), ஜிட்டர், பாக்கெட் லாஸ் மூணையும் கிராஃபா ஆன் பண்ணிக்கங்க. ஆட்டம் திக்கும்போது அந்தக் கோடு தட்டையாவே இருந்தா நெட்வொர்க் மேல பழி போடாதீங்க, அது எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை படம் திரையில வருதுங்கிறது) விழுறது.

---

தாமிர_டூயலிஸ்ட்

பழைய ரூட்டர்ல ஓபன்டபிள்யூஆர்டி ஏத்தி, கேக், 17,500 / 88,000. ஓஎன்டி வைஃபை ஆஃப். ராத்திரி 9 மணி, ஒரு போன்ல பேக்கப் ஓடுது, டிவி ஓடுது: ரெண்டாவது வரி அதிகபட்சம் 11, கேம்ல 36-லிருந்து 41. ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 26.4. அதுக்குப் புகார் எண் வாங்கியாச்சு.

ஸ்பீட் டெஸ்ட் இப்ப 84-க்கு மேல போகமாட்டேங்குது. வீட்டுல கேக்குறாங்க. பரவாயில்லையா?

---

வரிசைக்கட்டு

84 வந்தா அது ஓடுதுன்னு அர்த்தம். 95 காட்டுற அன்னிக்குத்தான் பாக்கணும்: ஆஃப்லோட் திரும்ப ஆன் ஆகியிருக்கும், இல்லன்னா யாரோ ஓஎன்டி வைஃபையில ஏறியிருப்பாங்க. கரண்ட் போய் வந்தப்புறம் ஒரு தடவை ஓஎன்டியில வைஃபை இன்னும் ஆஃப்லதான் இருக்கான்னு பாருங்க. சில பெட்டிகள்ல சேவ் பட்டன் தனியா இருக்கும், அதை அழுத்தலன்னா பழைய செட்டிங்கோடதான் எழுந்திருக்கும்.